ஒகேனக்கல் பரிசலில் ஏறும் முன்

கே: அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒகேனக்கல் போகிறோம். பரிசலில் லைஃப் ஜாக்கெட் தருவார்களாமே, அது போதுமா? ஆறு வயதுப் பையனும் வருகிறான்.
- ஒரு வாசகி, பாலக்கோடு

ப: அளவு சரியாக இருந்தால் முக்கால்வாசிப் பாதுகாப்பு அதுதான். பெரியவர்களுக்கானதைப் பிள்ளைக்கு மாட்டுவதில்தான் கோளாறே. எல்லா பக்கிளையும் பூட்டி, வார்களை இழுத்து இறுக்கிய பிறகு, தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறுகிறதா? அப்படியானால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே நிற்கும், பையன் கீழே நழுவுவான். கவட்டு வார் (கால்களுக்கு நடுவே போகும் பட்டை) உள்ள சின்ன அளவைக் கேளுங்கள். இல்லையென்றால் அவனை ஏற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் ஃபோமையும் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றாலோ, காய்ந்த ஜாக்கெட் கனத்தாலோ வேறு வாங்குங்கள்.

தண்ணீரில் விழுந்தவருக்கு வீச, பரிசலில் 15 மீட்டராவது மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு இருப்பது நல்லது. நைலான் மூழ்கிவிடும். கயிற்றை யாரும் இடுப்பில் கட்டிக்கொள்ளக் கூடாது. பாறையில் சிக்கினால் ஓடும் நீர் ஆளை அமுக்கிவிடும். ஆளுக்கொரு விசில் ஜாக்கெட்டிலேயே தொங்கட்டும், அருவி இரைச்சலில் குரல் எடுபடாது.

தவறி விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் பக்கம் நீட்டி மிதக்க வேண்டும். எழுந்து நிற்கப் பார்த்தால் பாறை இடுக்கில் பாதம் மாட்டும்.

அங்கே செய்துவிடும் எண்ணெய் மசாஜைச் சவாரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கும் கையில் கயிறு நிற்காது.