மொகோக் சிவப்புக் கல்: எட்டு முகம் இருந்தால் மாணிக்கமா?

மியான்மரின் ரத்தினச் சுரங்கப் பகுதியான மொகோக்கில் கிடைத்த உங்கள் சிவப்புக் கல் மாணிக்கமா என்று கேட்கிறீர்கள். அதில் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியதுபோல எட்டு முக்கோண முகம் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அது பெரும்பாலும் ஸ்பினெல் என்ற வேறு ரத்தினம். மாணிக்கம் பொதுவாக அந்த வடிவில் வளராது. பெரும்பாலும் ஆறு பக்கத் தட்டாகவோ பீப்பாயாகவோ வளரும்.

மொகோக்கில் இரண்டும் பளிங்குப் பாறையில்தான் உருவாகின்றன, சிவப்பும் இரண்டுக்கும் குரோமியத்தால் வருவதே. வெறும் அலுமினியம் ஆக்சைடு படிகமானால் மாணிக்கம். அதோடு மக்னீசியமும் சேர்ந்தால் ஸ்பினெல். முகங்கள் பட்டை தீட்டியதுபோல மின்னும் ஸ்பினெலைப் பர்மியர்கள் 'நாட் த்வே' என்பார்கள், நாட் தேவதைகள் மெருகேற்றியது என்று. அவ்வளவு அழகான கல், மாணிக்கம் இல்லையே என்று வருந்தாதீர்கள்.

இரண்டின் அடர்த்தியும் வேறு என்பதால் எது என்று வீட்டிலேயே நிறுத்துப் பார்க்கலாம்:

1. 0.01 கேரட் காட்டும் தராசில் கல்லை உலர்வாக நிறுங்கள்.
2. தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் சுவரையும் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள்.
3. முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுங்கள். 7.20 கேரட் கல் 2.00 காட்டினால் 3.6, ஸ்பினெல். 1.80 காட்டினால் 4.0, மாணிக்கம்.

காற்றுக் குமிழி ஒட்டினால் கணக்கு கெடும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விடுங்கள். பளிங்குப் பாறையின் வெள்ளைக் கால்சைட் கனிமம் ஒட்டியிருந்தாலும் வகுத்து வரும் எண் குறையும், மாணிக்கமே ஸ்பினெல்போலத் தெரியும்.

முகத்தில் உள்ள குட்டி முக்கோணக் குறிகளை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், அவை இரண்டிலும் வரும்.