எழுதுனா கை வலிக்குதுன்னு சொல்ற குழந்தை

கேள்வி: மேடம், என் பொண்ணுக்கு எட்டு வயசு, மூணாவது படிக்கிறா. சின்னதுல இருந்தே உடம்பு ரப்பர் மாதிரி வளையும், கட்டை விரலை மடக்கி முன்கையில தொட்டுக் காட்டுவா, யோகா சார் போட்டிக்கு அனுப்பலாம்னு சொல்றார். ஆனா ஒரு பக்கம் எழுதுறதுக்குள்ள கை வலிக்குதுன்னு பென்சிலை வச்சிடுறா, ராத்திரி ஆனா கால் வலின்னு அழறா, தைலம் தேய்ச்சு விட்டா தூங்கிடுறா, காலைல எழுந்து ஓடுறா. அதனாலயே நடிக்கிறான்னு எங்க அத்தை சொல்றாங்க. மிஸ் டைரியில சோம்பேறின்னு எழுதி அனுப்புறாங்க. டாக்டர் பார்த்துட்டு ஹைப்பர்மொபிலிட்டி, ஜாயிண்ட் லூஸா இருக்கு, பயப்பட வேணாம்னு கால்சியம் சிரப் குடுத்தார். நான் என்ன செய்யணும்?
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்: முதல்ல அவ சொல்றதை நம்புங்கம்மா. அவளுக்கு நிஜமாவே வலிக்குது. பிசியோதெரபிஸ்டா இந்த மாதிரி நிறைய குழந்தைங்களைப் பார்த்திருக்கேன், பாதிப் பேர் என்கிட்ட வரும்போதே சோம்பேறிங்கிற பேரோடதான் வர்றாங்க, அதுதான் எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்கும்.

நம்ம ஊர்ல ஜவ்வுன்னு சொல்றோமே, லிகமெண்ட், அதுதான் ரெண்டு எலும்பையும் இழுத்துக் கட்டி வச்சிருக்கு. அதுல இருக்கிற கொலாஜன்ங்கிற புரதம் சில பேருக்கு பிறவியிலேயே கொஞ்சம் இளக்கமா இருக்கும். பந்தல் கால்ல கட்டுன கயிறு லூஸா இருந்தா ஒரு ஆள் நின்னு கையால புடிச்சுக்கிட்டே இருக்கணும்ல, அந்த ஆள் வேலையை உங்க பொண்ணுக்கு தசைதான் நாள் பூரா செய்யுது. மத்த புள்ளைங்க சும்மா நிக்கிற நேரத்துலயும் இவ தசை உழைக்குது, அதான் பொழுது சாஞ்சதும் வலி வருது, தூங்கி எழுந்தா சரியாயிடுது.

அவ எழுதும்போது பக்கத்துல உக்காந்து ஆள்காட்டி விரலை மட்டும் பாருங்க. நகத்துக்குக் கீழ இருக்கிற மூட்டு உள்பக்கமா குழிஞ்சு போகும், நகம் வெளுத்துடும், கட்டை விரல் பென்சில் மேல சுத்திக்கும். பென்சில் வழுக்காம இருக்க அவ்வளவு அழுத்திப் புடிக்கிறா. மிஸ்கிட்ட இதை நேர்ல காட்டுங்க, பத்து தடவை சொல்றதைவிட அது புரியும். தடிமனான முக்கோணப் பென்சில் வாங்குங்க, 2பி போட்டா அழுத்தாமலே கருப்பா விழும். பாதம் தரையில படணும், எட்டலைன்னா பலகை ஒண்ணு கீழ போடுங்க. பத்து நிமிஷம் எழுதிட்டு கையை உதறி ரெண்டு நிமிஷம் ரெஸ்ட். இம்போசிஷன் வேணவே வேணாம்னு ஸ்கூல்ல கேளுங்க, தயங்காதீங்க, டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டுப் போங்க. ஸ்கூல் பையும் உடம்பு எடையில 10 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2020ல வந்த மத்திய அரசோட பை கொள்கையே சொல்லுது, 22 கிலோ குழந்தைக்கு 2.2 கிலோதான், ஒரு நாள் எடை போட்டுப் பாருங்க.

யோகா போட்டி இப்போதைக்கு வேணாம். யோகாவே வேணாம்னு சொல்லல, ஏற்கனவே வளையுற உடம்பை இன்னும் வளைக்கிறதுதான் வேணாம்கிறேன். இவளுக்குத் தேவை பலம். சுவத்தைப் புடிச்சு குதிகாலைத் தூக்கி நிக்கிறது, ஸ்டூல்ல இருந்து மெதுவா எழுந்து மெதுவா உக்கார்றது, நீச்சல், சைக்கிள் இதெல்லாம் நல்லது. நிக்கும்போது முட்டியைப் பின்னாடி தள்ளி லாக் பண்ணாம லேசா இளக்கமா வச்சுக்கப் பழக்குங்க. கைக்கு சப்பாத்தி மாவு பிசையட்டும், ஈரத்துணியைப் பிழியட்டும், துணி கிளிப் மாட்டட்டும். முதல்ல அஞ்சு நிமிஷம், வலி கூடலைன்னா அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுங்க. பலம் ஏற மாசக்கணக்காகும், பத்து நாள்ல விட்டுடாதீங்க. பக்கத்துல குழந்தைங்களைப் பார்க்கிற பிசியோ இருந்தா ஒரு தடவை காட்டி இதையெல்லாம் சரியா செய்யுறாளான்னு பார்த்துக்குங்க. வலிக்குதேன்னு விளையாட்டையே நிறுத்திட்டா தசை இன்னும் தளர்ந்து வலி ஜாஸ்தியாகும், அந்தத் தப்பை பாசத்துலதான் நிறைய பேர் பண்றாங்க. விரலை வளைச்சுக் காட்டுன்னு சொந்தக்காரங்க கேட்டா நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க.

கால்சியம் சிரப் ஜவ்வை இறுக்காதும்மா. ஆனா வைட்டமின் டி குறைஞ்சாலும் குழந்தைங்களுக்குக் கால் வலி வரும், அதை ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

மூட்டு எவ்வளவு இளக்கமா இருக்குன்னு அளக்க பெய்ட்டன் ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு, மொத்தம் 9 மார்க். சுண்டு விரல் பின்னாடி 90 டிகிரிக்கு மேல போகுதா, கட்டை விரல் முன்கையைத் தொடுதா, முழங்கையும் முட்டியும் 10 டிகிரிக்கு மேல பின்னாடி வளையுதா, இதுக்கெல்லாம் ரெண்டு பக்கத்துக்கும் ஒவ்வொண்ணு, முட்டி மடக்காம குனிஞ்சு உள்ளங்கை தரையில படிஞ்சா இன்னொண்ணு. மார்க் அதிகமா இருக்கிறது மட்டுமே நோய் கிடையாது, சின்னப் புள்ளைங்க நிறைய பேருக்கு உடம்பு அப்படித்தான் இருக்கும், வளர வளர இறுகிடும். ஆனா மூட்டு வீங்குனாலோ, காலைல எழுந்ததும் விறைப்பா இருந்தாலோ, காய்ச்சலோட வலி வந்தாலோ, ஒரே கால்ல மட்டும் வலிச்சு நொண்டுனாலோ தைலம் தேய்ச்சுட்டு இருக்காதீங்க, உடனே குழந்தை டாக்டர்கிட்ட போங்க. தோல் ரப்பர் மாதிரி இழுபட்டாலோ, சும்மா இடிச்சாலே கன்னிப் போனாலோ, மூட்டு அடிக்கடி நழுவுனாலோ, வயசுக்கு மீறின உயரமும் நீள நீள விரலும் இருந்தாலோ அதையும் சொல்லுங்க, மார்ஃபான், எலர்ஸ் டான்லோஸ்னு சில பிறவிக் கோளாறு இருக்கு, அதுக்கு இதயம், கண்ணு எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும்.

இது பெரும்பாலும் குடும்ப வழியா வரும். உங்க அத்தைகிட்டயே கட்டை விரலை மடக்கிக் காட்டச் சொல்லுங்க, அவங்க வீட்டு வழியாக் கூட வந்திருக்கலாம், சின்ன வயசுல அவங்களுக்கும் ராத்திரி கால் வலிச்சிருந்தா அப்புறம் நடிக்கிறான்னு சொல்ல மாட்டாங்க.

கேள்வி: பையனுக்கு மூணு வயசு, மூட்டெல்லாம் லூஸா இருக்கு, வலி எதுவும் இல்ல. தாத்தா ரெண்டு கையையும் புடிச்சுத் தூக்கி சுத்துவார், அவனுக்கு அது ரொம்பப் புடிக்கும். செய்யலாமா?
– ஒரு அப்பா, தென்காசி

பதில்: வேணாம் சார். இந்த வயசுல எந்தக் குழந்தைக்குமே கையைப் புடிச்சு இழுத்தா முழங்கையில எலும்பு நழுவ வாய்ப்பு இருக்கு, நழுவிட்டா கையைத் தூக்காம தொங்கப் போட்டுக்கிட்டு அழும். அப்படி ஆனா நீங்களா இழுத்து சரி பண்ணப் பார்க்காம டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. வலி இல்லாதவனுக்கு வைத்தியம் ஒண்ணும் தேவையில்ல, நல்லா ஓடட்டும், ஏறட்டும். தாத்தா தூக்கட்டும், ஆனா அக்குள்ல கை குடுத்துத் தூக்கச் சொல்லுங்க.