கேள்வி – பதில்: பள்ளியில் என்ன நடலாம்?

கேள்வி: காரைக்குடி பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு மரம் நட ஆசை. செம்மண் பொட்டல், தண்ணீர் குறைவு. எதை நடலாம்?

பதில்: நல்ல காரியம் டீச்சர். வேம்பு, புங்கை, இலுப்பை, ஆவாரை என்று நம்ம மண்ணுக்குப் பழகியதாகப் பார்த்து ஐப்பசி மழை தொடங்கும்போது நடுங்கள். முதல் கோடையில் மட்டும், பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவும் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் நல்லது. ஊருணிக் கரையில் பனங்கொட்டை ஊன்றலாம். அப்புறம், ஒரு கறிவேப்பிலைக் கன்று கட்டாயம் வேண்டும். கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி அதில் வந்து முட்டையிடும். குட்டிப் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும், புல் நுனியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கொம்பு நீட்டும். பிள்ளைகள் ஆசைதீரப் பார்க்கட்டும், இலை போகிறதே என்று யாரையும் மருந்தடிக்க மட்டும் விடாதீர்கள்! எருக்கு வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.