கேட்டதும் சொன்னதும்: மத்தி மீனும் மணிக்கு 5 ரூபாயும்

கேள்வி: எல்லாத் தகவலும் கைபேசியில் சும்மா கிடைக்கிறது. தகவலுக்குச் செலவு உண்டு என்று போன இதழில் எழுதியிருந்தீர்களே, எப்படி? – வாசகி, நாகர்கோவில்

நாகர்கோவில் என்பதால் மீன் கணக்கிலேயே சொல்கிறேன். வடகேரளம், 1997 ஜனவரி 14. வடகரைக் கடற்கரையில் 11 படகுக்காரர்கள் மத்தியை (உங்கள் ஊரில் சாளை) வாங்க ஆளில்லாமல் நின்றார்கள். கடலில் கொட்டத்தான் வேண்டும். அதே காலையில், 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர் எடுத்த கணக்கு இது.

படகுக்காரருக்குப் பிழைக்கத் தெரியாமல் இல்லை. பக்கத்துக் கரையில் என்ன விலை என்று அறிய ஒரே வழி, எரிபொருள் போட்டு அங்கே போய்ப் பார்ப்பதுதான். போய்ச் சேர்வதற்குள் காலைச் சந்தை கலைந்துவிடும். அந்த எரிபொருளும் நேரமும்தான் நான் சொன்ன செலவு. 1997 முதல் 2000-க்குள் அந்தக் கரையோரம் கைபேசிக் கோபுரங்கள் வந்தன. கடலில் இருந்தபடியே விலை கேட்டுக் கரை ஒதுங்கினார்கள். மீனைக் கொட்டுவது ஏறக்குறைய நின்றே போனது. படகுக்காரர் லாபம் 8 சதவீதம் கூடியது; வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது.

அந்த வருஷங்களில் நான் கண்ணூரில் ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். தவணை கட்ட வரும் படகு உரிமையாளர்கள் கைபேசியை பாலித்தீன் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார்கள். ஈர நோட்டுகள் மடியில் கசங்கிக் கிடக்கும். கைபேசி மட்டும் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும்.

கேள்வி: தினம் 2 மணி நேரம் காணொளி பார்த்து, ஆராய்ந்து பங்கு வாங்குகிறேன். சும்மா இண்டெக்ஸ் ஃபண்டில் போட்ட என் மைத்துனர் என்னைவிட லாபம் பார்க்கிறார். எங்கே தப்பு? – வாசகர், கோவில்பட்டி

போட்டிருப்பது ஒன்றரை லட்சம் என்கிறீர்கள். சரி, உங்கள் ஆராய்ச்சியால் வருஷத்துக்கு 2 சதவீதம் கூடுதலாகவே கிடைக்கட்டும்: 3,000 ரூபாய். 300 நாள், 600 மணி நேரம். மணிக்கு 5 ரூபாய் கூலி! ஆயிரம் கோடி வைத்திருப்பவருக்கு அதே 2 சதவீதம் 20 கோடி. அவர் ஆள் வைத்துத் துருவலாம், கட்டுப்படியாகும்.

இண்டெக்ஸ் ஃபண்டு எதையும் ஆராயாது; சந்தைக் குறியீட்டுப் பட்டியலில் உள்ள பங்குகளை அப்படியே சந்தை விலைக்கு வாங்கி வைக்கும். அந்த வகையில் மைத்துனர் மற்றவர்கள் துருவியதில் ஓசியில் சாப்பிடுகிறார், அதிலும் தப்பில்லை. ஆனால் எல்லோரும் ஓசிக்கு வந்துவிட்டால்? விலையிலேயே எல்லாத் தகவலும் அடங்கியிருந்தால் துருவுகிறவருக்குக் கூலி இல்லை. கூலி இல்லையென்றால் யாரும் துருவ மாட்டார்கள். அப்புறம் விலைக்குள் தகவல் எங்கிருந்து வரும்? 1980-ல் கிராஸ்மன், ஸ்டிக்லிட்ஸ் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் கேட்ட கேள்வி இது. அதனால் சந்தை விலையில் எப்போதும் கொஞ்சம் பிசிறு இருக்கும். அதைப் பிடிக்க நீங்கள்தான் வேண்டும் என்பதில்லை.

ஒரு 5 நிமிஷ வேலை மட்டும் செய்யுங்கள். மைத்துனரின் கணக்கு அறிக்கையில் ஃபண்டு பெயருக்குப் பின்னால் 'டைரக்ட்' என்று இருக்கிறதா, 'ரெகுலர்' என்று இருக்கிறதா பாருங்கள். ரெகுலரில் முகவர் கமிஷன் கழியும்; அது இல்லாத டைரக்ட் 2013 ஜனவரியிலிருந்தே இருக்கிறது.

கேள்வி: வாங்கப்போகும் பழைய ஸ்கூட்டரைப் பார்த்துச் சொல்ல மெக்கானிக் 500 ரூபாய் கேட்கிறார். தண்டம்தானே? – வாசகர், ஆரணி

கொடுங்கள். வண்டியின் குறை விற்கிறவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட சந்தையில் நல்ல வண்டிக்காரர் விலை படியாமல் ஒதுங்கிவிடுவார் என்று 1970-லேயே அகர்லாஃப் என்ற பொருளியல் அறிஞர் எழுதிவிட்டார். அதைப் படித்திருந்தும் நான் பெயிண்டின் பளபளப்பைப் பார்த்து 18,000 கொடுத்தேன். மூன்றாம் வாரம் நின்றுவிட்டது. மெக்கானிக் சைலன்சருக்குள் விரலை விட்டு எடுத்தார். நுனியில் பிசுபிசுவென்று எண்ணெய்க் கரி. "இதை அன்னிக்கே சொல்லியிருப்பேனே சார்" என்றார்.