ஒன்பது வயது அல்சேஷனை ஆறு வயது என்று எழுதலாமா?

கொக்குவிலில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அல்சேஷன் பெட்டைக்கு ஒன்பது வயது, போன வருடத்திலிருந்து பின்னங்காலை இழுத்து நடக்கிறது. லண்டனில் இருக்கும் மகன் நாயின் சிகிச்சைச் செலவுக்குக் காப்புறுதி எடுக்கச் சொல்லி, கட்டுப்பணத்தைத் தானே அனுப்புவதாகச் சொல்கிறார். வீட்டுக்கு வந்த முகவர், எட்டு வயதுக்கு மேல் நிறுவனம் எடுக்காது, ஆறு என்று போடுவோம், காலைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொல்லி, நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். "இது பிழையா? நாய்க்குக் காப்புறுதி தேவையா?" என்று கேட்கிறார்.

ரீச்சர், செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன், காரணம் பிறகு. அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு இன்றைக்கே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். நாயின் உண்மையான வயது இது, காலில் இந்தக் குறை இருக்கிறது, இந்த மருந்து கொடுத்திருக்கிறோம், நான் கையெழுத்திட்டபோது படிவம் நிரப்பப்படவில்லை, இதற்கு மாறாக அதில் ஏதாவது இருந்தால் அது என் சொல் அல்ல. இவ்வளவும் போதும். கடிதத்தின் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

காரணம் இதுதான். கடையில் சாமான் வாங்கும்போது விற்கிறவன் எல்லாக் குறையையும் சொல்ல மாட்டான், நாம்தான் பார்த்து வாங்க வேண்டும். காப்புறுதி அப்படி இல்லை. நாயைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் நீங்கள், நிறுவனத்துக்கு எதுவும் தெரியாது, அதனால் அவர்கள் முடிவை மாற்றக்கூடிய முக்கியமான விஷயம் எதையும் மறைக்கக் கூடாது என்ற கடமையைச் சட்டம் உங்கள் மேல்தான் வைத்திருக்கிறது. வயதும் பழைய நோயும் அந்த முக்கியமான விஷயங்களில் முதலாவதாக நிற்பவை. பொய் சொல்லி எடுத்த ஒப்பந்தத்தை நிறுவனம் ரத்துச் செய்யலாம், அதுவும் கட்டுப்பணம் வாங்கும்போது இல்லை, நீங்கள் இழப்பீடு கேட்கும்போது. அப்போதுதான் தடுப்பூசி அட்டையையும் மிருக வைத்தியரின் குறிப்புகளையும் கேட்பார்கள், அந்த அட்டையில் நாய் பிறந்த திகதி இருக்கும். முகவர்தான் அப்படி எழுதச் சொன்னார் என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் கையெழுத்து உங்களுடையது, வாய்ச்சொல்லுக்குச் சாட்சி யார்? தெரிந்தே எழுதிய பொய் என்றால் கட்டிய காசைத் திருப்பிக் கேட்பதும் கஷ்டம். ஆக, அந்தப் பொய்யால் உங்களுக்குக் கிடைப்பது எதுவுமே இல்லை.

சரி, உண்மையைச் சொன்ன பிறகும் எடுக்க ஒத்துக்கொள்கிறார்கள் என்று வைப்போம். அப்போது எடுப்பதா விடுவதா என்பதற்குச் சட்டத்தை விடக் கணக்குத்தான் உதவும். உதாரணமாக வருடக் கட்டுப்பணம் 30,000 ரூபா, ஒவ்வொரு செலவிலும் முதல் 10,000 உங்களுடையது, மிச்சத்திலும் 20 வீதம் உங்களுடையது என்று ஒப்பந்தம் சொல்கிறது என எடுத்துக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சைக்கு 80,000 வந்தால் நிறுவனம் தருவது 56,000. கட்டிய 30,000ஐக் கழித்தால் அந்த வருடம் உங்களுக்கு மிஞ்சுவது 26,000தான். பெரிய செலவு வராத வருடத்தில் முழு 30,000மும் போய்விடும். அல்சேஷன் பொதுவாக 9 முதல் 13 வருடம் வரை வாழும், அதனால் இன்னும் சில வருடங்களுக்கான கணக்கே இது. அதிலும் ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பணமில்லை என்ற நிபந்தனை இந்த வகை ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும், அப்படியென்றால் உங்களுக்கு மிகவும் தேவைப்படுகிற அந்தக் காலுக்கு ஒரு சதமும் வராது.

ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் கேட்டு வாங்குங்கள், மினுங்கல் தாளில் அடித்த விளம்பரம் போதாது. தொடங்கி எத்தனை நாட்களுக்கு நோய்ச் செலவு தர மாட்டார்கள், உண்ணிக் காய்ச்சல் சேருமா, அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது இந்த வருடம் வந்த நோயைப் 'பழைய நோய்' என்று தள்ளுவார்களா என்று பாருங்கள். உங்கள் நாய்க்குக் கருத்தடை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வயதான பெட்டைகளுக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது அடிக்கடி நடப்பது, உடனே வெட்டி எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதற்குப் பணம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் நீங்கள் காட்டுகிற வைத்தியரின் பற்றுச்சீட்டை ஏற்பார்களா, அல்லது அவர்களின் பட்டியலில் இருப்பவர்கள் எல்லாம் கொழும்பிலா? பெரிய சிகிச்சை என்று பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்கு ஏ9 வீதியால் கொண்டுபோனால் வாகனக் கூலியே ஒரு தொகை, அது சேருமா?

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். லண்டனில் குட்டியிலேயே எடுத்து வருடா வருடம் விடாமல் புதுப்பித்து வருகிறார்கள், அங்கும் வயது போன நாய் என்றால் செலவில் ஒரு பங்கைச் சொந்தக்காரரே கட்டச் சொல்கிற நிறுவனங்கள் பல. அந்த ஒப்பந்தம் அங்கே வாழ்கிற நாய்க்கு, கொக்குவில் நாய்க்கு உதவாது. மகன் வாங்கித் தந்த நாய் என்றாலும் உங்களிடம் தந்துவிட்டார், வளர்ப்பது நீங்கள், நாய் உங்களுடையதுதான், காணி மாதிரி கைமாற இதற்கு நொத்தாரிசு உறுதி தேவையில்லை. அதனால் ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கட்டும், காசு அவர் அனுப்பட்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சிகிச்சைக்கான காப்புறுதியை விட்டுவிட்டு, மகன் அனுப்புகிற அதே காசை மாதாமாதம் தனி வங்கிக் கணக்கில் போடுவேன். என் வீட்டு நாயின் கடைசி இரண்டு வருடமும் அப்படிச் சேர்த்த காசில்தான் போனது, ராத்திரியில் வைத்தியரைக் கூப்பிடும்போது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நாய் மற்றவரைக் கடித்தால் வரும் நட்டஈட்டுக்குக் காப்பு கிடைத்தால், அதை மட்டும் யோசியுங்கள். வலியோடு இருக்கிற, கண் மங்கிய கிழட்டு நாய், பிள்ளை தெரியாமல் காலைத் தொட்டால் கடித்துவிடும், அது அதன் குற்றமில்லை, ஆனால் வழக்கு உங்கள் மேல் வரும். கவனயீனமாக மிருகத்தை வைத்திருப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமும்கூட. ரியூஷன் பிள்ளைகள் வருகிற நேரம் கேற்றுக்கு உள்ளே கட்டி வையுங்கள். விசர்நாய்த் தடுப்பூசியை வருடம் தவறாமல் போட்டு, பிரதேச சபையில் நாயைப் பதிவு செய்த துண்டையும் அட்டையோடு வையுங்கள், நிறுவனமோ நீதிமன்றமோ கேட்டால் காட்டுவதற்கு அவை வேண்டும்.

உங்கள் கடிதத்துக்குப் பிறகும் முகவர் பொய்யான படிவத்தைக் கொடுத்து ஒப்பந்தம் வந்துவிட்டால், கட்டுப்பணம் கட்டாமல் எழுத்தில் மறுத்து விடுங்கள். நிறுவனம் பதில் தராவிட்டால் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம், தபால் பற்றுச்சீட்டு அப்போதுதான் வேலை செய்யும்.