பழைய கைவரை அனிமே காட்சிகளைச் சீரமைத்து நிறம் திருத்துவது எப்படி?

கேள்வியில் சொன்ன நிலைமை: டிவிடியிலிருந்து எடுத்த டிராகன் பால் இசட் காட்சிகள் மங்கலாக, பச்சை படிந்து தெரிகின்றன. வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டினால் இன்னும் கெடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

நிறத்தில் கை வைக்காமல் தொடங்குங்கள். நிறம் கடைசி வேலை. முதலில் கெடுதல் எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று பாருங்கள், கடைசியாக நுழைந்ததை முதலில் எடுங்கள். நான் ஓய்வு நேரத்தில் இதைச் செய்பவன், இந்த வரிசையை மாற்றிச் செய்து உருப்பட்ட எபிசோடு எதையும் பார்த்ததில்லை.

படம் வந்த வழி இது. காகிதத்தில் வரைந்த கோட்டைக் கார்பன் வைத்து வெப்பத்தால் ‘செல்’ என்ற ஒளி ஊடுருவும் தாளில் படிய வைப்பார்கள். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வண்ணம் பூசுவார்கள். போஸ்டர் கலரில் வரைந்த பின்னணி மேல் அதை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக ஃபிலிமில் எடுப்பார்கள். 1989 முதல் 1996 வரை வந்த இந்தத் தொடர் 16 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டது. அந்தச் சுருள் டெலிசினியில் (ஃபிலிமை வீடியோவாக்கும் கருவி) ஓடி, டேப்பாகி, டிவிடியாகி உங்களிடம் வந்திருக்கிறது.

பின்னாலிருந்து வருவோம். வீடியோவில் எண்களாகப் பதிந்ததை நிறமாக மாற்றும் கணக்கு இரண்டு உண்டு: டிவிடியின் கணக்கு 601, ஹெச்டியின் கணக்கு 709. மென்பொருள் 601-ஐ 709 என்று எடுத்துக்கொண்டால் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாயும், பச்சை கறுக்கும். இதைக் கலர் வீலை உருட்டிச் சரிசெய்ய முயன்று இரவெல்லாம் உட்கார்ந்தவர்கள் உண்டு. ஃபைலின் மேட்ரிக்ஸ் அமைப்பை (இந்தக் கணக்கைச் சொல்லும் இடம்) மாற்றினால் ஒரு நொடியில் போய்விடும்.

அடுத்தது, அசையும் உருவத்தின் ஓரத்தில் சீப்புப் பல் போல விழும் கோடுகள். நொடிக்கு 24 ஃபிரேமை டிவிக்காக 60 ஃபீல்டாக (ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் கொண்ட அரைப் படம்) பிரித்ததில், ஐந்து ஃபிரேமுக்கு மூன்று சுத்தமாகவும் இரண்டு கோடு விழுந்தும் வரும். இதற்கு டீஇன்டர்லேஸ் (ஃபீல்டுகளைக் கலந்து கோட்டை மறைக்கும் வசதி) போடாதீர்கள். ஸ்கிரிப்ட் எழுதி வீடியோவைத் திருத்தும் மென்பொருள்களில், ஏவிஐசிந்த் என்றால் டிஎஃப்எம், டிடெசிமேட் என்ற இரண்டு ஃபில்டர்களையும், வேப்பர்சிந்த் என்றால் அவற்றுக்கு இணையானவற்றையும் வைத்துப் பழைய 24 ஃபிரேமை மீட்டெடுங்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான ஃபிலிம் ஃபிரேம் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும்.

அது கையில் வந்ததும் அழுக்கைப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். டிவி அனிமேயில் ஒரே ஓவியத்தை இரண்டு அல்லது மூன்று ஃபிரேம் பிடித்து வைப்பார்கள். ஒரு புள்ளி ஒரே ஒரு ஃபிரேமில் வந்து மறைந்தால் அது ஃபிலிமில் ஒட்டிய தூசி. ஓவியம் மாறும்வரை கூடவே இருந்தால் செல்லில் விழுந்த தூசி. ஓவியங்கள் மாறியும் அதே இடத்தில் நின்றால் கண்ணாடியிலோ கேமரா வாசலிலோ இருந்தது. பின்னணி நகரும்போது கூடவே நகர்ந்தால் பின்னணித் தாளில் இருந்தது. முதல் வகையை மட்டும் நான் எடுப்பேன், பக்கத்து ஃபிரேமில் அதே ஓவியம் சுத்தமாக இருக்கிறதே, அங்கிருந்து எடுத்து ஒட்டினால் போதும். மற்றவை அன்றைய ஸ்டூடியோவின் தடயம், இருந்துவிட்டுப் போகட்டும். தானியங்கித் தூசி நீக்கியைச் சண்டைக் காட்சியில் போடாதீர்கள். அடி விழும்போது ஒரே ஃபிரேமுக்கு வரும் தீப்பொறியையும் அது தூசி என்று நினைத்துத் தின்றுவிடும்.

சரி, இப்போது பச்சை. பழைய கலர் பிரிண்ட் வயதாகி மங்கினால் பெரும்பாலும் இளஞ்சிவப்பாகத்தான் மாறும், ஏனென்றால் அதில் முதலில் போவது சயான் சாயம். படம் முழுக்கச் சீராகப் பச்சை படிந்திருந்தால் டெலிசினியிலோ ரீமாஸ்டரிலோ யாரோ செய்த வேலை என்று சந்தேகப்படுங்கள். நல்ல செய்தி என்னவென்றால், சீராகப் படிந்ததைச் சீராகவே எடுக்கலாம்.

நிறம் திருத்த டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். பகல் வெளிச்சத்தில், சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு ஷாட்டை எடுங்கள். கறுப்புக்கு நாயகன் கோகுவின் முடி, வெள்ளைக்குக் கண்ணின் வெண்பகுதி. பரேடில் (சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவை அருகருகே காட்டும் வரைபடம்) மூன்று நிறமும் கீழே முடியில் ஒன்றாகவும், மேலே கண்ணில் ஒன்றாகவும் சேரும்படி இருண்ட பகுதிக்கான லிஃப்ட், வெளிச்சப் பகுதிக்கான கெயின் இரண்டையும் மட்டும் நகர்த்துங்கள். நடுப்பகுதியைத் தொட வேண்டாம். அதே திருத்தத்தை எபிசோடு முழுவதற்கும் போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஷாட் ஷாட்டாகத் திருத்தும் ஆசை வரும், அடக்குங்கள். ஆட்டோ வைட் பேலன்ஸ் பட்டன் இருக்கும் திசைக்கே போகாதீர்கள். கதையில் வரும் நாமெக் கிரகத்தில் வானம் பச்சை, புல் நீலம். மென்பொருளுக்கு அது தெரியாது, வானத்தைச் சாம்பலாக்கிவிட்டுத் தோலை ஊதாவாக்கும். மாலைக் காட்சிக்கும் இரவுக் காட்சிக்கும் முகத்துக்கே வேறு வண்ணம் தேர்ந்தெடுத்துப் பூசியிருப்பார்கள், இரவில் கண்ணின் வெள்ளையும் நீலமாக இருக்கலாம். அதை “சரிசெய்தால்” வண்ணம் தேர்ந்தவரின் முடிவை அழிக்கிறீர்கள்.

ஒரே முகம் ஒரு ஷாட்டுக்குள்ளேயே லேசாகக் கறுத்து வெளுக்கிறதா? செல்லும் முழுக்கத் தெளிவானதல்ல, மேலே இன்னொரு செல் வந்தால் கீழே இருப்பது சற்று மங்கும். அது நோயல்ல, பிறவி மச்சம். விட்டுவிடுங்கள்.

செல்லையே ஏலத்தில் வாங்கி ஒப்பிடலாமே என்று சிலர் சொல்வார்கள். உதவும், ஆனால் அதையே தீர்ப்பாக எடுக்காதீர்கள். செல் என்பது கேமராவுக்காகப் பூசியது, ஃபிலிமில் எப்படி விழும் என்பதை மனதில் வைத்து வண்ணம் எடுத்தவர்கள் அவர்கள். இன்னொரு சிக்கலும் உண்டு: அன்றைய ஜப்பானிய டிவிகளின் வெள்ளை 9300 கெல்வின், இன்று நாம் வைப்பது 6500. அங்கே பார்த்தவர்களுக்குப் படம் நம்முடையதைவிட நீலமாகவே தெரிந்திருக்கும். நான் 6500-இலேயே நிறுத்துகிறேன். நீலம் வேண்டும் என்பவர் தன் டிவியில் மாற்றிக்கொள்ளட்டும்.

அப்புறம், மூலப்பிரதி. 2007-இல் அமெரிக்காவில் வந்த டிவிடி தொகுப்பு 4:3 படத்தை மேலும் கீழும் வெட்டி அகலத்திரை ஆக்கியது, கிரெயினையும் (ஃபிலிமின் இயல்பான மணல் போன்ற பொடிப்புள்ளி) துடைத்தது. உங்கள் கையில் இருப்பது அதுவென்றால் இவ்வளவு பாடுபடுவதற்கு அர்த்தமில்லை. 2003-இல் ஜப்பானில் வெளியான டிராகன் பாக்ஸ் டிவிடி தொகுப்பு முழுச் சட்டகத்தோடு இருக்கிறது, முடிந்தால் அதைத் தேடுங்கள்.

ஏஐ அப்ஸ்கேல் (ஏஐ வைத்துப் படத்தின் தெளிவைக் கூட்டிப் பெரிதாக்குவது) பற்றி நிச்சயம் அடுத்து கேட்பீர்கள். கார்பன் கோட்டில் ஒரு பொடித்தன்மை உண்டு, அங்கங்கே அறுந்தும் இருக்கும். நான் பார்த்த கருவிகள் பலவும் அதை மார்க்கர் பேனாக் கோடாக்கி, பின்னணியின் தூரிகைத் தடத்தை மெழுகிவிடுகின்றன. எனக்கு வேண்டாம்.

முடித்த வீடியோவை வெளியே எடுக்கும்போது 10 பிட்டில் (8 பிட்டைவிட நிறத்துக்கு அதிகப் படிகள் உண்டு) எடுங்கள். 8 பிட்டில் நாமெக் வானம் படிப்படியாகப் பட்டை விழும், கிரெயினைத் துடைத்திருந்தால் இன்னும் மோசமாக. துடைத்துத் தொலைத்தாயிற்று என்றால், கடைசியில் மெல்லிய கிரெயினைத் திரும்பச் சேர்த்தால் பட்டை பெருமளவு மறையும்.