மூக்கு ஆபரேஷனுக்கு 1.8 லட்சம்: இஎம்ஐ போடலாமா, சிட்டியை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வீடு. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 32,000 ரூபாய் வருகிறது. எட்டாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்து மூக்கு உடைந்தது. அன்றிலிருந்து மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, இடது பக்கம் மூச்சும் சரியாகப் போவதில்லை. கோவையில் ஓர் அழகு சிகிச்சை மையத்தில் ரைனோபிளாஸ்டிக்கு (மூக்கின் வடிவத்தைச் சீராக்கும் ஆபரேஷன்) 1,80,000 ரூபாய் சொல்கிறார்கள். வட்டியில்லா இஎம்ஐ உண்டு, மூன்றே நாளில் வேலைக்குப் போகலாம் என்கிறார்கள். என்னிடம் 1,10,000 ரூபாய் எஃப்டி இருக்கிறது. 2 லட்ச ரூபாய் சிட்டியில் (ஏலச்சீட்டு) 40 தவணையில் 24 கட்டிவிட்டேன். கம்பெனியில் 3 லட்ச ரூபாய்க்கு குரூப் இன்ஷூரன்ஸ் உண்டு. நான்கு மாதத்தில் தம்பி கல்யாணம், அதற்குள் செய்துகொள்ள ஆசை. அம்மா தன் செயினை அடகு வைக்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது 1,80,000 என்ற தொகை இல்லை. "விழுந்து உடைந்தது", "மூச்சு சரியாகப் போவதில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு விஷயங்கள்தான். இந்தச் செலவில் எவ்வளவு உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும் என்பதை அவைதான் முடிவு செய்யும்.

மருத்துவ இன்ஷூரன்ஸில் அழகுக்கான அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடையாது. இது எல்லா பாலிசியிலும் ஒரே மாதிரி இருக்கிற விலக்கு. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றால் சிதைந்ததைச் சீரமைக்கச் செய்தால் அந்த விலக்கு பொருந்தாது. மூச்சுக்காக மூக்கின் நடுச்சுவரை நேராக்கும் செப்டோபிளாஸ்டியும் அழகு சிகிச்சைக் கணக்கில் வராது. தனிநபர் பாலிசி என்றால் இதற்கெல்லாம் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்துக் குறிப்பிட்ட காலம் கழித்துத்தான் கிளைம்) என்று ஒன்று குறுக்கே நிற்கும். கம்பெனி குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் அதைத் தளர்த்தியிருப்பார்கள். உங்கள் ஹெச்ஆரிடம் பாலிசி விவரத்தை வாங்கி, இந்த விதிகள் உள்ள பக்கத்தை மட்டுமாவது நீங்களே படித்துவிடுங்கள்.

அடுத்தது ஜிஎஸ்டி. மருத்துவச் சேவைக்குப் பொதுவாக ஜிஎஸ்டி இல்லை. அழகு சிகிச்சைக்கு உண்டு. அந்த மையம் சொன்ன தொகையில் வரி சேரவில்லை என்றால் அது மேலே ஏறும். காயத்தால் கெட்டுப்போன உறுப்பின் அமைப்பையோ செயல்பாட்டையோ மீட்கச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு இந்த வரி கிடையாது. அதனால் முதலில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். எண்டோஸ்கோபி (மூக்குக்குள் சிறு கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து, தேவைப்பட்டால் சிடி ஸ்கேனும் எடுத்து, பழைய காயத்தின் விளைவு என்ன, அடைப்பு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தக் காலத்து மருத்துவச் சீட்டோ எக்ஸ்ரேயோ வீட்டில் கிடந்தால் தேடி எடுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. மூச்சுக்குச் செய்வதோடு மூக்கின் முனையையும் கொஞ்சம் அழகாக்க விரும்பினால் அது தவறே இல்லை, ஆனால் அதற்கான பில் தனியாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சிகிச்சை என்று எழுதி கிளைம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தெரிந்தால் கிளைம் மட்டுமில்லை, பாலிசியே ரத்தாகலாம்.

மூன்று நாளில் வேலைக்குப் போகலாம் என்று சொன்னதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வீக்கம் உச்சத்துக்குப் போகும். கண்ணைச் சுற்றிக் கருநீலமாகக் கன்றி, பிறகு அது கன்னத்தில் இறங்கி மஞ்சளாகிக் கரையும். மூக்கு அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விடுவதில் உதடு காய்ந்து வெடிக்கும். இரண்டு மூன்று தலையணை வைத்து, தலையை உயர்த்தித்தான் தூங்க வேண்டும். மூக்கின் மேல் ஒட்டும் ஸ்பிளிண்ட் (மூக்கு அசையாமல் தாங்கும் கட்டு) ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கும். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரி அடிக்கிற மாதங்களில் நம் பக்கத்தில் இது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். மூக்குக்கண்ணாடி போடுபவராக இருந்தால் சில வாரங்களுக்கு அது மூக்கில் அழுந்தக் கூடாது. காண்டாக்ட் லென்ஸுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். முதல் இரண்டு வாரம் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, ஏன்தான் செய்தோமோ என்று மனம் சோர்வது பலருக்கும் நடக்கிறது. அந்த நாட்களில் துணைக்கு ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ரத்தம் நிற்காமல் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

ஆகவே இரண்டு வாரம் விடுப்பு என்று வையுங்கள். கையில் எட்டு நாள் லீவு இருந்து மீதி ஆறு நாள் சம்பளம் பிடித்தால் சுமார் 6,400 ரூபாய் போகும். பரிசோதனை, மருந்து, செக்கப்புக்கு இருவராக வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போய் வருவது எல்லாம் தனி. ஆபரேஷன் காயம் ஆறாத மூக்கோடு நெரிசலான பஸ்ஸில் போக முடியாது, முதல் ஓரிரு முறையாவது கார் வேண்டும்.

தம்பி கல்யாணத்துக்கு நான்கு மாதம் போதுமா? கன்றிய நிறம் மறைந்திருக்கும், பார்ப்பவர்களுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால் மூக்கு முனையின் வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்கூட ஆகும். போட்டோவுக்காக என்றால் அவசரப்பட்டுப் பயனில்லை. இன்ஷூரன்ஸ் ஒப்புதல் ஒரு மாதத்துக்குள் கைக்கு வராவிட்டால் கல்யாணம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: வடிவம் திருப்தியாக வராமல் மறுபடி திருத்த நேர்ந்தால் யார் செலவு? சர்ஜன் தன் கட்டணத்தை விட்டுக்கொடுத்தாலும் ஆஸ்பத்திரிக் கட்டணமும் மயக்க மருந்துச் செலவும் உங்கள் தலையில் விழலாம். வழக்கமாக ஒரு வருடம் கழித்துத்தான் திருத்தமே செய்வார்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கத்தி பிடிக்கப்போவது யார் என்பதும் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டிஎன்பி படித்தவரோ, இதில் நல்ல பழக்கமுள்ள காது மூக்கு தொண்டை நிபுணரோ, மயக்க மருந்து நிபுணர் உள்ள ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டும். சில ஆயிரம் குறைகிறது என்று இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

சரி, பணத்துக்கு வருவோம். வட்டியில்லா இஎம்ஐ என்பதைச் சோதிக்க, ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு என்று கேளுங்கள். குறைத்துச் சொன்னால் அந்த வித்தியாசம்தான் வட்டி. கடன் கொடுப்பது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம். சிகிச்சையில் உங்களுக்கு மனக்குறை இருந்தாலும் தவணை நிற்காது. வெளியில் 14 சதவீத வட்டிக்கு 1,50,000 ரூபாய் பர்சனல் லோன் வாங்கினால் 24 மாதத்துக்கு மாதம் சுமார் 7,200, வட்டி மட்டும் 22,850 ரூபாய்க்குப் பக்கம். ஏற்கெனவே சிட்டிக்கு 5,000 கட்டும் உங்களுக்கு இது பாரம்.

எஃப்டியைத் தொடாதீர்கள். மூன்று மாதச் சம்பளத்துக்குச் சற்று மேலே இருக்கும் அதுதான் உங்கள் ஆபத்துக்கால இருப்பு. இன்ஷூரன்ஸ் போக மிஞ்சும் செலவுக்குச் சிட்டியை எடுக்கலாம் என்பது என் யோசனை. சிட்டி நடத்துபவர்களின் கமிஷன் 5 சதவீதம் என்றால் கடைசி வரை இருந்தாலும் 1,90,000தான் கிடைக்கும். ஏலத்தில் தள்ளு (கமிஷனும் சேர்த்துக் கழிக்கும் தொகை) மொத்தம் 20,000-க்குள் நின்று 1,80,000 கைக்கு வந்தால் உங்கள் இழப்பு 10,000 மட்டுமே, புதிய தவணையும் இல்லை. தள்ளு அதற்கு மேல் ஏறினால் ஓரிரு மாதம் பொறுங்கள். இனி கட்ட வேண்டிய 16 தவணை, அதாவது 80,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்பார்கள், சம்பளச் சான்றிதழை முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

அம்மாவின் செயினை இப்போது அடகு வைக்க வேண்டாம். கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டுவது) கிடைக்காமல் நீங்களே பணம் கட்டி, பிறகு கிளைம் வாங்க வேண்டிய நிலை வந்தால் மட்டும், ஒப்புதல் இருக்கிற தொகை அளவுக்கு ஓரிரு மாதத்துக்கு வைத்து, கிளைம் வந்த அன்றே மீட்டுவிடுங்கள். தம்பி கல்யாணத்தில் அந்தச் செயின் அம்மா கழுத்தில் இருக்க வேண்டுமே.